ஏழாம் நம்பர் கிரேன்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். எதற்குப் பயந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் இனி என்ன வெட்கம்? நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பேய்க்கும் நாய்க்கும் கணக்கு வாத்தியாருக்கும் பயந்ததாக எழுதுகிறீர்கள். நான் பயந்தது ஒரு விளையாட்டுச் சாமானுக்கு. முழங்கை நீளம்கூட இருக்காது, மஞ்சள் நிறம்.

போன மாதம் சீசன் நேரத்தில் தம்பி குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். குளித்து முடித்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். தம்பி மகனுக்குப் பத்து வயது. ஒரு கடையிலிருந்த பொம்மை லாரியை எடுத்தான். சக்கரத்தைத் திருப்பினான், எதையோ இழுத்தான், லாரி இரண்டு காலில் நின்றது. அதை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமி, இவன்தான் வில்லன். சும்மா வண்டி மாதிரி நிப்பான். யாரும் பாக்காதப்ப எந்திரிச்சிருவான்" என்றான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. மருமகன் எடுத்தாயிற்று. அப்படிப்பட்ட நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். "மாமிக்கு என்னாச்சு?" என்று பையன் கேட்பதும், "வெயில் ஒத்துக்கிடலயோ என்னமோ" என்று தம்பி சொல்வதும் கேட்டது. அப்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. தம்பிக்கு எதுவும் நினைவில்லை. நினைவிருக்க நியாயமும் இல்லை. அது நடந்தபோது அவனுக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது.

அப்போது எங்கள் வீடு தென்காசியில் இருந்தது. அடுத்த வீடு மாமா வீடு, உம்மாவின் அண்ணன். வாப்பா வளைகுடாவில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார், மற்றபடி எங்களுக்கு அவர் குரல் மட்டும்தான். உங்களில் பாதிப் பேர் வீட்டு நிலவரமும் அதுதான், கேசட்டைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் படித்தால் முழிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். வீட்டில் போன் கிடையாது. வாப்பாவுக்குக் கடிதம் எழுதக் கை வராது. கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார். மறுபக்கத்தை எங்களுக்கு விட்டுவைப்பார். அதில் நாங்கள் பேசி, திரும்பிப் போகிற ஆளிடம் கொடுப்போம்.

கேசட் வருகிற அன்று உம்மா முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்காருவாள். வாப்பா சலாம் சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் சத்தமாகப் பதில் சலாம் சொல்வோம். அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், யாராவது இருமுவார்கள். அந்த ஃபேன் சத்தம் இல்லாமல் வாப்பா குரலை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியாது.

அந்த வருஷம் சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வடகரைக்காரர் ஒருவர் லீவில் வந்தார். வாப்பா தங்கியிருந்த அறையில் கூடத் தங்கியவர். பார்சலைக் கொடுத்துவிட்டு டீ குடித்துப் போனார். பிரித்ததும் சோப்பும் அத்தரும் தைலமும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க எழுந்தது. உம்மாவுக்குச் சேலை, மாமாவுக்குக் கைலி, அடியில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் மஞ்சள் கிரேன். கேசட்டில் வாப்பா சொன்னார்:

"மக்கா, இதுதான் வாப்பா ஓட்டுத வண்டி பாத்துக்க. இதே மஞ்சள், இதே மாதிரி நீளக் கை. என் வண்டி நம்பரும் எழுதியிருக்கேன். மேல ஏறி உக்காந்தா கடலு வரைக்கும் தெரியும். தம்பியும் நீயும் சண்ட போடாம வச்சுக்கிடணும், என்னா?"

ஓட்டுநர் உட்காரும் கேபினின் சின்னக் கதவில் நீலப் பேனாவால் ஏழு என்று எழுதியிருந்தது. வாப்பாவின் கையெழுத்து. ஏழின் வாலை எப்போதும் அப்படித்தான் நீட்டுவார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு இருக்கை. அதில் வாப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்து, ராத்திரி சாப்பாட்டில் ஒரு பருக்கை சோற்றை உள்ளே வைத்தேன். இரண்டு நாள் அப்படி நன்றாகத்தான் போனது.

மூன்றாம் நாள் தம்பி அதை எங்கோ பிடித்துத் திருகினான். கடக், கடக் என்று சத்தம் வந்தது. கிரேனின் நீளக் கை முதுகுப் பக்கம் மடங்கியது, சக்கரங்கள் உள்ளே போய்க் கால்கள் வெளியே வந்தன, கேபின் இருந்த இடம் நெஞ்சானது. அதற்கு மேல், அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, ஒரு தலை வந்தது. சிவப்புக் கண்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் கம்பிகள். வாப்பா எழுதிய ஏழு, அதன் நெஞ்சின் நடுவில் இருந்தது. தம்பி கைதட்டிச் சிரித்தான். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

அது எழுந்து நிற்கும் என்பது வாப்பாவுக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். கடையில் மஞ்சளாக ஒரு கிரேனைப் பார்த்திருப்பார், பிள்ளைகளுக்குத் தன் வண்டியைக் காட்டலாம் என்று வாங்கியிருப்பார்.

அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் வரிசையாக நாலு படம், கீழே அரபி எழுத்து. நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். ஆனால் நமக்குத்தான் தெரியுமே, மேலும் கீழும் குறி இல்லாத எழுத்தை நம்மால் வாசிக்க முடியாது. அதனால் படங்களைத்தான் பார்த்தேன். இடது கோடியில் மஞ்சள் கிரேன், பக்கத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், ஊருக்குப் போகிறவர் விடைபெறுகிற மாதிரி. இரண்டாவது படத்தில் கிரேன் எழுந்து நிற்கிறது, நெஞ்சுக் கதவு திறந்திருக்கிறது, அவருடைய ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முகம் மட்டும் நம் பக்கம் பார்க்கிறது. மூன்றாவதில் கதவு மூடியிருக்கிறது, கண்ணாடி வழியாக அவர் முகமும் விரித்த இரண்டு உள்ளங்கைகளும் தெரிகின்றன. நாலாவதில் அந்த ஆளே இல்லை. அது மட்டும் கையை ஓங்கி நிற்கிறது, கண் இன்னும் சிவப்பாக.

உள்ளே போகிறவர் ஏன் நம்மைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகப் போக வேண்டும்? இழுக்கிறது, அதனால்தான். ஒன்பது வயதில் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. வாப்பாவும் நீலச் சட்டைதான் போடுவார். நாங்கள் அதற்கு முழுங்கி என்று பெயர் வைத்தோம். படத்தைப் பார்த்து முதலில் அப்படிச் சொன்னவன் தம்பி. அவனுக்கு அது விளையாட்டு.

அன்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இங்கே இது எழுந்து நிற்காத வரை அங்கே ஏழாம் நம்பரும் எழுந்து நிற்காது. அதை மறுபடி கிரேனாக மடக்கி, ரப்பர் பேண்டு போட்டு, அதன் மேல் என் சடை ரிப்பனைச் சுற்றி, துணிப் பெட்டியின் அடியில் வைத்தேன். காலையில் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இறக்காமல் பார்ப்பேன். வகுப்பில் பாதிக் கணக்கில் அது இப்போது கட்டை அவிழ்த்திருக்குமோ என்று தோன்றும். டீச்சரிடம் ஒற்றை விரலைக் காட்டி வெளியே போய் நிற்பேன். யாரிடமாவது சொன்னால் அதற்குத் தெரிந்துவிடும் என்றும் ஒரு பயம். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை.

சாரல் தொடங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, உம்மா வெயிலைக் கண்ட நேரத்தில் துணிப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாத் துணியையும் காயப் போட்டிருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். ஜன்னல் விளிம்பில் அது நின்றது. ரிப்பன் தரையில் கிடந்தது. தம்பி அதன் காலடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, எப்பலே நிப்பாட்டுன?" என்று அவனை உலுக்கினேன்.

"காலம்பறவே" என்றான்.

காலையிலிருந்து நின்றிருக்கிறது. நான் அங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இது இங்கே நின்றிருக்கிறது. மடக்கப் பார்த்தேன், சட்டென்று மடங்கவில்லை. ஒருவழியாக மடக்கி, இந்த முறை ரிப்பனை இரட்டை முடிச்சாகப் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மாமா கடைக்கு டிரங்க் கால் வந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு மாமா வீட்டுக்கு வந்தார். உம்மாவை அடுக்களைக்குள் கூப்பிட்டுப் பேசினார். ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உம்மா முகத்தைச் சேலையால் துடைத்து, "வெங்காயம் அரிஞ்சேன்ட்டி" என்றாள். அரிவாள்மனை சுவரோரம் சாத்தியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். மாமி எனக்கு எதற்கென்று தெரியாமல் மிட்டாய் கொடுத்தாள். வாப்பா கேசட் எங்கே என்று கேட்டால் மாமா சிரித்துக்கொண்டே, "ஒங்க வாப்பாக்கு இப்பம் வேல ஜாஸ்தி. பேச நேரம் கிடைக்கல" என்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு பொய் சொல்லும்போது பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று அவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம். நான் அப்போது அனுபவித்தது தனிமையான பயம். அதைவிட மோசமான ஒன்றை இந்த ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கேசட் வந்தது. நான் பதில் சலாம் சொல்ல ஓடி வந்து உட்கார்ந்தேன். உம்மா முகம் கழுவவில்லை, சேலை மாற்றவில்லை. டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நான் கதவில் காதை வைத்தேன். வாப்பா குரல்தான். ஆனால் ஃபேன் சத்தம் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆள் பேசுவது போலிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது படம்.

உம்மா வெளியே வந்ததும் கேட்டேன். "உம்மா, வாப்பாவ அது முழுங்கிட்டா?"

உம்மா என்னை அதுவரை அடித்ததே இல்லை. அன்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "வாயில வருத பேச்சப் பாரு சவத்து மூதி! இன்னொரு தடவ சொன்ன, நாக்க அறுத்துருவேன்" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் போய்விட்டதால்தான் அந்த அடி விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அன்று நினைத்தது வேறு. நான் சொன்னது சரி, அது மட்டுமல்ல, அதற்குக் காரணமும் நான்தான், அது உம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

சாப்பிடவில்லை. தூக்கத்தில் உளறினேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார். "பிள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. நாலு நாள் அருவியில தலையக் காட்டுனா தெளிஞ்சிரும்." நம் ஊரில் எதற்கும் அருவிதான் வைத்தியம். புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அருவிக்கடியில் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

ஐந்தருவிக்குப் போனோம். நான் முழுங்கியைத் துண்டில் சுற்றி, மாற்றுத் துணிப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். அந்த அருவியில் அகப்பட்டது எதுவும் மிஞ்சாது என்று மாமா சொல்லியிருந்தார். வழியெல்லாம் எண்ணெய் வாசனை, பஜ்ஜி வாசனை, ஈரத் துணிகள். குரங்கு ஒன்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. உம்மா தம்பிக்கு எண்ணெய் தேய்க்கக் குனிந்த நேரத்தில் நான் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற ஓரத்துக்குப் போனேன். அப்படியே போட்டுவிட முடியாது. வாப்பா உள்ளே இருக்கிறாரே. ரிப்பனை அவிழ்த்தேன். என் கையாலேயே அதை எழுப்பி நிறுத்தினேன், அதுவரை நான் ஒருமுறையும் செய்யாத காரியம். கடக், கடக். சிவப்புக் கண் என்னைப் பார்த்தது. ஏழு எழுதிய கதவை நகத்தால் நெம்பினேன். உள்ளே இருக்கை காலி. காய்ந்துபோன ஒரு பருக்கை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தே வைத்து, "வெளிய வந்துருங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு அதைத் தண்ணீரில் விட்டேன். விட்ட வேகத்தில் பாசியில் என் காலும் வழுக்கியது. தண்ணீர் இடுப்பைப் பிடித்து இழுத்தது. கத்தினேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மூக்கெல்லாம் தண்ணீர். முன் பின் தெரியாத ஒரு பெண் என் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். "யாரு பெத்த பிள்ளம்மா இது? பாத்துக்கிட மாட்டியளா?" என்று அவள் போட்ட சத்தத்துக்கு உம்மா ஓடி வந்தாள். உம்மாவின் உதடு வெள்ளையாக இருந்தது. என்னை அடிக்கவில்லை.

பொம்மையைத் திமிரில் எறிந்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். "வாப்பா ஆசையா வாங்குனத இப்படிப் பண்ணிட்டாளே" என்று மாமி வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். என் கவலை வேறு. ஐந்தருவித் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து நம் ஊர் வழியாகத்தான் போகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் ஆற்றுப் பக்கம் போகச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

வயல்களில் பிசான நடவு நடக்கிற ஐப்பசி சமயம், திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை வழியாக ஒரு டாக்சி வந்து வாசலில் நின்றது. மாமா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். முதலில் இரண்டு கட்டைகள் வெளியே வந்தன, கக்கத்தில் வைத்து ஊன்றுகிற கட்டைகள். பிறகு வாப்பா. பாதியாக மெலிந்திருந்தார். ஒரு கால் தரையில் படவில்லை. "கீழ விழுந்துட்டேன் மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றார். மாமாவின் அதே சிரிப்பு.

இரண்டு நாள் நான் கிட்டே போகவில்லை. மூன்றாம் நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு, கிரேனை எடுத்து வரச் சொன்னார். நான் அசையவில்லை. உம்மா, "அத அருவியில எறிஞ்சிட்டா. அடிக்காதீங்க, அவளுக்குக் கொஞ்சநாள் சுகமில்ல" என்றாள்.

"ஏன் மக்கா எறிஞ்ச?"

எவ்வளவோ நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. "அது உங்கள முழுங்குச்சில்லா வாப்பா?"

உம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். வாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "ஆமா மக்கா. முழுங்குச்சு. வண்டி சாஞ்சிட்டு, கதவு நசுங்கிட்டு. நாலு மணி நேரம் உள்ளதான் கெடந்தேன். தகட்ட வெட்டித்தான் எடுத்தாங்க. ஒனக்கு யாரு சொன்னா?"

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்! பயம் இம்மியும் குறையவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். ஓடிப்போய் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தேன். உம்மா அதில் நூல்கண்டும் பித்தானும் போட்டு வைத்திருந்தாள். கொட்டிவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டினேன். இந்தா, போயிட்டு வாரேன்னு கையைக் காட்டுதார், இந்தா, உள்ள இழுக்கு, இந்தா மூடிட்டு, இந்தா ஆளைக் காணோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை நிஜமான சிரிப்பு. "ஏட்டி, இது அரபிக்காரன் பெட்டிலா? நீ ஓதுத பிள்ளதான, கிதாப எந்தப் பக்கமிருந்து வாசிப்ப? படத்தையும் அங்கனயிருந்துதான் பாக்கணும்."

என்னை மடியருகே இழுத்துக்கொண்டு, வலது கோடியில் விரலை வைத்தார். "இது முதல் படம். இவன் வில்லன், எந்திரிச்சு நிக்கான்." விரல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. மூடிய கதவு, கண்ணாடிக்குள் ஒரு முகம், விரித்த இரண்டு உள்ளங்கைகள். "இது..." என்றார்.

விரல் அந்தக் கண்ணாடி மேலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் வேர்வை. மூச்சு, மூடிய கதவுக்கு வெளியே நின்று நான் கேட்ட அதே மூச்சு. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றாள். நான் மட்டும்தான் பயந்தேன் என்று அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விரலைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. மெதுவாக மூன்றாவது படத்துக்கு நகர்த்தினேன், கதவு திறந்திருந்தது, நம் பக்கம் பார்த்தபடி அந்த ஆள் ஒரு காலை வெளியே வைத்திருந்தார். பிறகு நாலாவதுக்கு நகர்த்தினேன். கிரேன் கிரேனாக நின்றது. பக்கத்தில் அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இங்கன வந்துட்டீங்க வாப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் அந்த விரலை நான் விடவில்லை. விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.